சிறிய கார் கண்ட பொறியறிஞர்

மக்கள் தம் வாழ்க்கைக்கு வேண்டி ஆக்கிக்கொண்ட கருவிகளுக்கும் பிறப்பும் வளர்ச்சியும் மறைவும் உண்டு. கமலை கட்டி நீர் இறைத்த கிணறுகளில் இன்று மின்விசை நீரை ஏற்றுகிறது. பாய் விரித்துக் கடல் கடந்த மரக்கலங்கள் நீராவிக் கப்பல்களுக்கு வழிவிட்டன. நீராவிக் கப்பல்கள் பின்னர் எண்ணெய் எஞ்சின் பூட்டிய கப்பல்களுக்கு வழிவிட்டன. பழைய கருவிகளைச் செய்தோர் அறிவிற் குறைந்தவர் அல்லர். அவர்கள் காலத்துத் தேவைக்கு அவர்கள் செய்தவை ஏற்றனவாகவே இருந்தன. தேவை மாறியபோது கருவியும் மாறிற்று.

இவ்வுண்மையை மோட்டார் காரின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம். காரின் எஞ்சினை முன்னே வைப்பதா, பின்னே வைப்பதா, நீளவாட்டில் கிடத்துவதா, குறுக்குவாட்டில் கிடத்துவதா, எந்தச் சக்கரங்களை அது சுழற்றவேண்டும் என்னும் வினாக்களுக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடைகள் கிடைத்தன. ஒரு காலத்தில் பலரும் போற்றிய அமைப்பு மற்றொரு காலத்தில் கைவிடப்பட்டது. அம்மாற்றத்தில் பெரும்பங்கு கொண்டவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியறிஞர் ஆவார். பிறர் அமைப்புகள் வழக்கொழியக் காரணமாக இருந்த அவர், தாம் கண்ட அமைப்பின் ஒரு பகுதியும் வழக்கொழியத் தொடங்கியதைத் தம் வாழ்நாளிலேயே காண நேர்ந்தது. அவர் வாழ்க்கை அவ்விரு வகையாலும் கற்கத் தக்கது.

பிறப்பும் இளமையும்

இன்று துருக்கி நாட்டில் இஸ்மிர் என வழங்கும் துறைமுக நகரம் முன்னாளில் சுமர்னா எனப் பெயர் பெற்றிருந்தது. கிரேக்கரும் துருக்கியரும் ஆர்மீனியரும் யூதரும் ஐரோப்பிய வணிகரும் கூடி வாழ்ந்த செல்வநகரம் அது. அந்நகரில் 1906ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் அலெக் இசிகோனிஸ் பிறந்தார். தந்தையார் கான்ஸ்டன்டைன் கிரேக்க மரபினர். பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். கப்பல் இயந்திரங்களைச் செப்பனிடும் தொழிற்சாலை ஒன்றை உடையவர். தாயார் ஹுல்டா ஜெர்மனியின் பவேரியா நாட்டுக் குடும்பத்தில் தோன்றியவர். தந்தையாரின் தொழிற்சாலையில் கொதிகலங்களும் இரும்புத் தண்டுகளும் பற்சக்கரங்களும் இயங்குவதைக் கண்டு வளர்ந்த சிறுவருக்கு இயந்திரங்கள்மீது விருப்பம் வேரூன்றியது இயல்பே.

அவ்வளமான வாழ்க்கை நெடுநாள் நீடிக்கவில்லை. முதல் உலகப்போர் முடிந்த பின்னர்க் கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் மூண்ட போர் 1922ஆம் ஆண்டில் சுமர்னாவை எட்டியது. நகரின் பெரும்பகுதி தீக்கு இரையாயிற்று. பிரிட்டிஷ் குடிமக்களைக் கடற்படைக் கப்பல்கள் ஏற்றிச் சென்று மால்ட்டாத் தீவில் இறக்கின. வீடும் தொழிலும் இழந்த குடும்பம் அத்தீவில் அடைக்கலம் புகுந்தது. நோயுற்ற தந்தையார் அங்கேயே காலமானார். கணவரை இழந்த தாயும் பதினாறு வயது மகனும் 1923ஆம் ஆண்டில் இங்கிலாந்தை அடைந்தனர். அது முதல் தாயே மகனுக்குத் துணை. மகனே தாய்க்குத் துணை. மணம் செய்துகொள்ளாத இசிகோனிஸ் 1972ஆம் ஆண்டில் தாயார் மறையும்வரை அவரைப் பிரியாது பேணினார்.

கல்வியும் தொழிலும்

இலண்டன் மாநகரின் பாட்டர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் இசிகோனிஸ் பொறியியல் பயின்றார். படம் வரைவதில் அவர் கை தேர்ந்தது. கணிதத்திலோ அவர் பின்தங்கியே இருந்தார். கணிதத் தேர்வில் மூன்று முறை தவறினார். அதனால் அவர் உள்ளம் சோர்ந்துவிடவில்லை. வெள்ளைத்தாளில் பென்சிலால் ஒரு பொருளை வரைந்த அளவில், அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்தும் என்பது அவருக்குப் புலனாயிற்று. பிற்காலத்தில் அவர் சிறு தாள்களில் வரைந்து தந்த படங்களைக் கொண்டே தொழிலாளர் உறுப்புகளைச் செய்யத் தொடங்கினர். ஆயினும் அவருடைய படங்களுக்கு அளவும் வலிமையும் கணக்கிட்டு உருக்கொடுக்கக் கணிதம் வல்ல துணைவர் பலர் உடனிருந்தனர் என்பதையும் மறத்தல் கூடாது. ஒருவருடைய குறையை மற்றவருடைய திறன் நிறைவு செய்வதே கூட்டுத்தொழிலின் சிறப்பாகும்.

1934ஆம் ஆண்டில் கவென்ட்ரி நகரத்து ஹம்பர் நிறுவனத்திலும், 1936ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரை அடுத்த கௌலியில் இருந்த மாரிஸ் நிறுவனத்திலும் அவர் பணியேற்றார். வண்டியின் உடலைச் சக்கரங்களோடு இணைத்து அதிர்ச்சியைத் தாங்கும் உறுப்புகளை ஆராய்வதே அவர் முதற்பணி. ஓய்வு நேரத்தில் ஜார்ஜ் டௌசன் என்னும் நண்பரோடு சேர்ந்து ஒரு சிறிய பந்தயக் காரைத் தம் கைகளாலேயே செய்தார். அவ்வண்டியில் எஃகு விற்களுக்கு மாற்றாக ரப்பரைப் பயன்படுத்தினார். எடையைக் குறைப்பதும் இடத்தை மிகுவிப்பதும் என்னும் இரு நோக்கங்கள் அக்காலத்திலேயே அவர் உள்ளத்தில் நிலைபெற்றன.

மாரிஸ் மைனர்

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, போர் முடிந்ததும் மக்களுக்கு வேண்டிய சிறிய கார் ஒன்றை உருவாக்கும் பணி இசிகோனிசிடம் ஒப்படைக்கப்பட்டது. சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த நிலையில் அமையும் தட்டையான எஞ்சினை அதற்கென அவர் திட்டமிட்டார். அவ்வெஞ்சின் நிறைவேறவில்லை. நிறுவனத்திடம் முன்னரே இருந்த, சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்கும் 918 கன சென்டிமீட்டர் எஞ்சினே அவ்வண்டியில் பூட்டப்பட்டது. புதிய எஞ்சினுக்குப் புதிய அச்சுகளும் புதிய பொறிகளும் வேண்டும்; கையிலிருக்கும் எஞ்சினுக்கு அச்செலவு இல்லை. எஞ்சின் அமைப்புகள் பிறக்கும் முன்னரே மறைவதும் உண்டு என்பதை இசிகோனிஸ் முதன்முதலாக உணர்ந்தது அப்போதுதான்.

அவ்வண்டி உருவான பிறகு அதன் அகலம் போதவில்லை என அவருக்குத் தோன்றிற்று. உடனே அவர் மாதிரி வண்டியை நீளவாட்டில் இரண்டாக அறுக்கச் செய்தார். இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினால் தோற்றம் பொருந்தும் என முடிவு செய்தார். 1948ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வண்டியே மாரிஸ் மைனர் ஆகும். விற்பனையில் பத்து இலட்சத்தைக் கடந்த முதல் பிரிட்டிஷ் கார் என்னும் பெருமை அதற்குரியது. இந்திய நாட்டிலும் அது பேபி இந்துஸ்தான் என்னும் பெயரோடு ஓடியது.

இரு பழைய அமைப்புகள்

மாரிஸ் மைனர் உட்பட அக்காலத்துக் கார்களிற் பெரும்பாலானவை ஒரே அமைப்பை உடையன. எஞ்சின் முன்னே நீளவாட்டில் இருக்கும். அதன் பின்னே கியர்ப்பெட்டி ஓட்டுநரின் கால்களுக்கு இடையே வந்து நிற்கும். அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு வண்டியின் அடியில் ஓடிப் பின்சக்கரங்களைச் சுழற்றும். அத்தண்டு செல்வதற்காக வண்டியின் தரை நடுவே மேடுபட்டிருக்கும். பெரிய கார்களில் இவ்வமைப்பால் இடர் இல்லை. எடை முன்னும் பின்னும் ஒத்துப் பரவுவதால் ஓட்டமும் சீராக இருக்கும். சிறிய கார்களிலோ எஞ்சினும் கியர்ப்பெட்டியும் தண்டும் பாதி வண்டியைப் பிடித்துக்கொள்ள, மனிதர் எஞ்சிய இடத்தில் ஒடுங்கி அமரவேண்டியிருந்தது.

இக்குறையை நீக்க ஐரோப்பிய நாட்டுப் பொறியறிஞர் பலர் எஞ்சினைப் பின்னே கொண்டு சென்றனர். ஜெர்மனியின் போக்ஸ்வாகன், பிரான்சின் ரெனால்ட் 4சிவி, இத்தாலியின் பியட் 600 ஆகியவை அத்தகையன. எஞ்சினும் சுழலும் சக்கரங்களும் ஒருங்கே பின்னே அமைந்தமையால் நீண்ட தண்டு தேவையற்றதாயிற்று, தரை சமமாயிற்று, செலவும் குறைந்தது. போருக்குப் பின் வறுமையுற்றிருந்த நாடுகளில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் முதன்முதலாகக் கார் ஏறியது இவ்வமைப்பின் பயனாலேயே ஆகும்.

எனினும் அதற்கும் குறைகள் இருந்தன. எடை பின்னே மிகுந்தமையால், வளைவில் விரைந்து திரும்பும்போது வண்டியின் பின்பகுதி வெளியே தள்ளப்படும் இயல்பு உண்டாயிற்று. பக்கக் காற்று வீசும்போது இலேசான முன்பகுதி அலைப்புண்டது. பின்னே எஞ்சின் இருந்தமையால் அங்கே பெரிய கதவு வைத்துப் பொருள் ஏற்ற இயலவில்லை. முன்னே இருந்த பெட்டியோ சக்கரங்கள் திரும்ப இடம் விட்டமையால் குறுகியிருந்தது. சாலைகள் மேம்பட்டு வேகம் கூடக்கூட, வீட்டுத் தேவைகள் பெருகப் பெருக, இக்குறைகள் வெளிப்பட்டன.

சூயஸ் நெருக்கடியும் புதிய பணியும்

1952ஆம் ஆண்டில் மாரிஸ் நிறுவனம் ஆஸ்டின் நிறுவனத்தோடு இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கழகம் ஆயிற்று. அவ்வாண்டில் இசிகோனிஸ் விலகி ஆல்விஸ் என்னும் நிறுவனத்தை அடைந்து, எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட பெரிய கார் ஒன்றைத் திட்டமிட்டார். செலவு கருதி அத்திட்டம் கைவிடப்பட்டது. 1955ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் மோட்டார் கழகத்தின் தலைவர் லெனார்டு லார்டு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

1956ஆம் ஆண்டில் எகிப்து அரசு சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கிற்று. அதனைத் தொடர்ந்து எழுந்த போரால் கால்வாய் அடைபட்டது. இங்கிலாந்துக்கு வரும் எண்ணெய் குறைந்தது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் பெட்ரோலுக்குப் பங்கீட்டு முறை வந்தது. மக்கள் குமிழி போன்ற சிறு வண்டிகளை நாடத் தொடங்கினர். அவ்வண்டிகளை விரும்பாத லெனார்டு லார்டு, நால்வர் அமர்ந்து செல்லத் தக்க முழுமையான சிறிய கார் ஒன்றை விரைவில் உருவாக்குமாறு 1957ஆம் ஆண்டில் இசிகோனிசைப் பணித்தார். ஒரே ஒரு கட்டுப்பாட்டை விதித்தார்: எஞ்சின் புதிதாக இருத்தல் கூடாது; நிறுவனம் முன்னரே செய்துவரும் எஞ்சினையே பயன்படுத்தவேண்டும். மாரிஸ் மைனர் உருவானபோது தடையாக நின்ற அதே கட்டுப்பாடு மீண்டும் அவர்முன் வந்து நின்றது. இம்முறை அத்தடையே அவருக்குத் தூண்டுகோல் ஆயிற்று.

மினி பிறந்த வரலாறு

இசிகோனிஸ் எஞ்சினிலிருந்து தொடங்கவில்லை; மனிதரிலிருந்து தொடங்கினார். நால்வர் அமர எவ்வளவு இடம் வேண்டும் என முதலில் வரையறுத்தார். வண்டியின் நீளம் பத்து அடிக்கு மேற்படலாகாது எனத் துணிந்தார். மனிதர்க்குரிய இடம் போக எஞ்சினுக்கு எஞ்சியது முன்னே ஒரு குறுகிய பகுதியே. நான்கு சிலிண்டர் எஞ்சினை அங்கே நீளவாட்டில் கிடத்த இயலாது. ஆகவே அதனைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தார். எஞ்சினைக் குறுக்கே வைப்பது முற்றிலும் புதிய கருத்தன்று. ஜெர்மனியின் டிகேடபிள்யூ நிறுவனம் 1931ஆம் ஆண்டிலும், சுவீடனின் சாப் நிறுவனம் 1949ஆம் ஆண்டிலும் இரு சிலிண்டர் எஞ்சின்களை அவ்வாறு வைத்துள்ளன. நான்கு சிலிண்டர் எஞ்சின் அவற்றினும் நீளமானது. அதனோடு கியர்ப்பெட்டியையும் வரிசையாக இணைத்தால் சக்கரங்களுக்கு இடையே அடங்காது.

இவ்விடத்தில்தான் இசிகோனிசின் நுண்ணறிவு விளங்கிற்று. எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி ஒன்று உண்டு. கியர்ப்பெட்டியை அத்தொட்டிக்குள்ளேயே அமைத்துவிட்டார். மாடிவீடு போல மேலே எஞ்சினும் கீழே கியர்ப்பெட்டியும் அமைந்தன. எஞ்சினுக்கு ஊற்றிய எண்ணெயே கியர்களையும் நனைத்தது. முன்சக்கரங்களே வண்டியை இழுத்தமையால் பின்னே செல்லும் தண்டும் இல்லை. தரையில் மேடும் இல்லை.

முன்சக்கரங்கள் வண்டியை இழுப்பதில் ஓர் இடர் உண்டு. அவை சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். பழைய மூட்டுகள் திருப்பத்தில் சீராகச் சுழலாமல் துடித்தன. ஆல்பிரெட் ஷெப்பா என்பார் அமெரிக்காவில் முன்னரே கண்டறிந்த, எஃகுக் குண்டுகள் பொதிந்த மூட்டு அவ்விடரைத் தீர்த்தது. சக்கரங்கள் வண்டிக்குள் இடம் பிடிக்காதிருக்கப் பத்து அங்குல அளவே உடையனவாகச் செய்யப்பட்டன. அவற்றிற்கெனச் சிறு டயர்களை டன்லப் நிறுவனம் ஆக்கித் தந்தது. எஃகு விற்களுக்கு மாற்றாக அலெக்ஸ் மோல்டன் என்னும் நண்பர் வகுத்த கூம்பு வடிவ ரப்பர்கள் அதிர்ச்சியைத் தாங்கின. ஜாக் டேனியல்ஸ் முதலிய துணைவர் இசிகோனிசின் படங்களை உறுப்புகளாக மாற்றினர். வண்டியின் பரப்பில் நூற்றுக்கு எண்பது பங்கு மனிதர்க்கும் அவர்தம் பொருள்களுக்கும் உரியதாயிற்று.

1959ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் அக்கார் உலகின்முன் வைக்கப்பட்டது. மினி என்பதே அதற்கு நிலைத்த பெயர். அதன் எஞ்சின் 848 கன சென்டிமீட்டர் அளவினது. முதலில் குறைகளும் வெளிப்பட்டன. மழைக்காலத்தில் வண்டியின் தரைக்குள் நீர் கசிந்தது. எஞ்சினின் மின்பொறி உறுப்பு முகப்பை நோக்கி இருந்தமையால், எதிரே அடிக்கும் மழைநீர் பட்டு வண்டி நடுவழியில் நின்றது. விரைந்து உருவாக்கிய கருவியில் இத்தகைய பிழைகள் நேர்வது உண்டு. அவை ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. தொழிலாளர் முதல் செல்வர் வரை யாவரும் ஒரே வண்டியை விரும்பி வாங்கினர். 2000ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் உற்பத்தி நிற்கும்வரை 53 இலட்சத்திற்கு மேற்பட்ட மினி வண்டிகள் செய்யப்பட்டன.

பணியும் அமைப்பும்

மினி பிறந்த அதே காலத்தில், அதே இங்கிலாந்தில், இதற்கு நேர்மாறான மாற்றம் ஒன்றும் நிகழ்ந்தது. இசிகோனிசின் நண்பர் ஜான் கூப்பர் பந்தயக் கார்களைச் செய்பவர். அவர் தம் வண்டிகளில் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே வைத்தார். அவ்வண்டிகளை ஓட்டிய ஜாக் பிராபம் 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகப் பந்தய முதன்மை பெற்றார். எஞ்சினை முன்னே உடைய வண்டி பார்முலா ஒன் உலகப் பந்தயத்தில் இறுதியாக வென்றது 1960ஆம் ஆண்டு இத்தாலியப் பந்தயத்தில் ஆகும். அதன்பின் பார்முலா ஒன் பந்தயத்தில் முன் எஞ்சின் மறைந்தது.

வீட்டுக்குரிய காரில் எஞ்சின் முன்னே வந்து குறுக்கே கிடந்தது. பந்தயக் காரில் அது பின்னே சென்றது. இரண்டுமே அவ்வவற்றின் துறையில் வென்றன. பந்தய வண்டியில் ஒருவரே அமர்வர். மூட்டை முடிச்சு இல்லை. எடை நடுவே குவிந்தால் வளைவில் விரைந்து திரும்பலாம். வீட்டு வண்டியில் நால்வரும் அவர்தம் பொருள்களும் செல்லவேண்டும். எடை முன்னே இருந்தால் நேர்வழியில் உறுதியாக ஓடும். ஆகவே இவ்வமைப்பு நன்று, அவ்வமைப்பு தீது எனப் பொதுவாகக் கூறுதல் பொருந்தாது. எப்பணிக்கு என்று கேட்ட பின்னரே நன்மை தீமை கூறவேண்டும். ஜான் கூப்பரே மினியை விரைவு மிக்க வண்டியாக மாற்றிக் காட்டினார். மினி கூப்பர் என்னும் அவ்வண்டி 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் புகழ்பெற்ற மான்டி கார்லோ ஓட்டத்தில் வெற்றி பெற்றது.

தம் அமைப்பும் மாறக் கண்டவர்

மினியின் வெற்றியைக் கண்ட பிற நாட்டு நிறுவனங்கள் தம் வண்டிகளை மறுமுறை எண்ணிப் பார்த்தன. பின்னே எஞ்சின் கொண்ட வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்தன. ஸ்காட்லாந்தில் 1963ஆம் ஆண்டில் தொடங்கிய ஹில்மன் இம்ப் 1976ஆம் ஆண்டில் நின்றது. பின் எஞ்சினாலேயே வளர்ந்த போக்ஸ்வாகன் நிறுவனமும் 1974ஆம் ஆண்டில் முன்னே குறுக்காக எஞ்சின் அமைந்த கால்ப் என்னும் வண்டியை வெளியிட்டது. இரண்டு கோடிக்கு மேல் விற்ற அதன் பழைய வண்டி 2003ஆம் ஆண்டில் மெக்சிகோவில் விடைபெற்றது.

ஆனால் அவ்வாறு பரவிய அமைப்பு இசிகோனிஸ் வகுத்த வடிவிலேயே பரவவில்லை. இத்தாலியில் பியட் நிறுவனத்தின் தலைமைப் பொறியறிஞராக விளங்கியவர் டான்டே ஜியகோசா. பின்னே எஞ்சின் கொண்ட பியட் 600 வண்டியைப் படைத்தவரும் அவரே. தாம் படைத்த அமைப்பையே விட்டு மாற அவர் தயங்கவில்லை. எஞ்சினைக் குறுக்கே வைத்து, கியர்ப்பெட்டியை அதன் அடியில் வையாமல் ஒரு பக்கத்தில் வரிசையாக இணைத்தார். அதனால் ஒரு சக்கரத்துக்குச் செல்லும் தண்டு நீளமாகவும் மற்றொன்று குட்டையாகவும் அமைந்தன. 1964ஆம் ஆண்டில் ஆட்டோபியாங்கி பிரிமுலாவிலும், 1969ஆம் ஆண்டில் பியட் 128 வண்டியிலும் அவ்வமைப்பு வந்தது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இசிகோனிசின் வடிவில் எஞ்சினும் கியர்களும் ஒரே எண்ணெயில் இயங்கின. எஞ்சினுக்கு ஏற்ற எண்ணெயைக் கியர்ப் பற்கள் அரைத்து விரைவில் நலிவித்தன. கியர்ப்பெட்டி அடியில் இருந்தமையால் எஞ்சின் உயர்ந்து நின்றது. கியர்களில் பழுது நேர்ந்தால் எஞ்சினையும் சேர்த்தே வெளியே எடுக்கவேண்டியிருந்தது. எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய கியர்ப்பெட்டியை வார்க்கவேண்டியிருந்தமையால் செலவும் மிகுந்தது. ஜியகோசாவின் வடிவில் எஞ்சின் வேறு, கியர்ப்பெட்டி வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணெய். ஒரே கியர்ப்பெட்டியைப் பல எஞ்சின்களோடு இணைக்கலாம். உலகம் ஜியகோசாவின் வடிவையே மேற்கொண்டது. இசிகோனிஸ் பணியாற்றிய நிறுவனத்தின் வழிவந்த நிறுவனமே 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட மேஸ்ட்ரோ என்னும் காரில் கியர்ப்பெட்டியை எஞ்சினின் பக்கத்தில் வைத்தது.

இறுதிக்காலம்

இசிகோனிஸ் தம் கருத்தில் உறுதி மிக்கவர். விற்பனை ஆய்வுகளையும் பிறர் கூறும் திருத்தங்களையும் அவர் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. அவ்வுறுதி இல்லையேல் மினி பிறந்திராது. அதே உறுதி பின்னர் அவருக்குத் தடையாகவும் அமைந்தது. 1962ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய 1100 வண்டி இங்கிலாந்தில் பெரிதும் விற்றது. 1964ஆம் ஆண்டின் 1800 வண்டியும் 1969ஆம் ஆண்டின் மேக்சியும் அத்துணை வரவேற்பைப் பெறவில்லை. சிறிய காரில் இன்றியமையாதிருந்த இடச்சிக்கனம் பெரிய காரில் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

1968ஆம் ஆண்டில் நிறுவனம் மற்றொன்றோடு இணைந்து பிரிட்டிஷ் லேலண்டு ஆயிற்று. புதிய தலைவர்கள் செலவையும் ஊதியத்தையும் முதலில் எண்ணினர். மினி மிகுதியாக விற்றும் அதனால் கிடைத்த ஊதியம் சிறிதே என்பது அவர்கள் கண்ட உண்மை. மினிக்கு வழித்தோன்றலாக இசிகோனிஸ் திட்டமிட்ட 9எக்ஸ் என்னும் சிறு கார் கைவிடப்பட்டது. தம் சிறந்த படைப்பை மேம்படுத்தும் வாய்ப்பு அவர் கைக்கு எட்டாது போயிற்று. அத்துயரினும் அவர் சோம்பியிருக்கவில்லை. 1971ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற பின்னரும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

1967ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. கணிதத் தேர்வில் மும்முறை தவறிய மாணவர், அறிவியலாளரின் தலைசிறந்த கழகத்தில் இடம்பெற்றார். 1969ஆம் ஆண்டில் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1988ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் பர்மிங்காம் நகரில் அவர் இயற்கை எய்தினார். 1999ஆம் ஆண்டில் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த காரைத் தேர்ந்தபோது, போர்டு நிறுவனத்தின் டி வண்டிக்கு அடுத்த இரண்டாம் இடத்தை மினி பெற்றது.

அவர் வாழ்வு உணர்த்துவது

1983ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறங்கிய மாருதி 800 வண்டியிலும் எஞ்சின் முன்னே குறுக்காகவே அமைந்திருந்தது. நீண்ட தண்டு பின்சக்கரங்களைச் சுழற்றும் அம்பாசடர் அதனோடு பல்லாண்டு உடன் ஓடி, 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றது. எனினும் மறைந்தது மீளாது என்று சொல்வதற்கில்லை. 2009ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த டாட்டா நானோ, விலையைக் குறைக்க வேண்டி எஞ்சினைப் பின்னே வைத்தது. 2018ஆம் ஆண்டில் அதுவும் நின்றது. இக்காலத்து மின்சாரக் கார்களில் மோட்டார் மிகச் சிறியது; ஆதலின் அதனைப் பின்சக்கரங்களுக்கு அருகே வைக்கும் வழக்கம் மீண்டும் தோன்றியுள்ளது. நேற்றைய குறை இன்று குறையாகாது போதலும் உண்டு.

இசிகோனிஸ் மனிதர்க்கு எவ்வளவு இடம் வேண்டும் என்னும் வினாவிலிருந்து தொடங்கினார். அவ்வினா அவருக்குப் புதிய விடையைத் தந்தது. அவ்விடையின் ஒரு பகுதி நிலைத்தது. மற்றொரு பகுதியை வேறொருவர் திருத்தினார். அதனால் அவர் புகழ் குன்றவில்லை. தாம் படைத்த அமைப்பைத் தாமே கைவிட்டு மேலானதைத் தேடிய ஜியகோசாவின் புகழும் குன்றவில்லை. புதியது காணும் துணிவும், மேலும் சிறந்தது வரும்போது பழையதை விடும் பெருந்தன்மையும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைதல் அரிது. அவ்விரண்டையும் தம்மிடத்தே வளர்த்துக்கொள்ள முயல்வது இளைஞர் கடமையாகும்.